பெயரில்லாத அட்டை

விசிட்டிங் கார்டு அச்சடிக்கப் போனால் அச்சகத்தில் முதலில் எழும் கேள்வி, 'எத்தனை ஜி.எஸ்.எம். போடலாம்?' என்பது. 300 என்று சொல்லிவிட்டு, மாதிரி அட்டையை விரலிடுக்கில் வளைத்துப் பார்க்கிறோம். விறைப்பாக நின்றால் நம் பெயருக்கும் மதிப்பு கூடும் என்று ஓர் எண்ணம். அதைப் போல ஏறத்தாழ இருமடங்கு தடித்த அட்டையை, பெயரும் பதவியும் அச்சிடப்படாத அட்டையை, ஒரு காலத்தில் ஏழை எளியவரும் சட்டைப்பையில் வைத்திருந்தனர். அதுதான் பழைய ரயில் சீட்டு.

அந்தச் சீட்டை எண்ணும்போது ராயபுரம் நினைவுக்கு வருகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856 ஜூன் 28 அன்று, ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் காலத்தில், இங்கே திறக்கப்பட்டது. ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கான வண்டிகள் ஓடின. பிற்காலத்தில் தெற்கு ரயில்வேயின் அச்சகமும் ராயபுரத்திலேயே இயங்கிற்று.

அட்டைச் சீட்டை உருவாக்கியவர் தாமஸ் எட்மண்ட்சன். மரச்சாமான் செய்யும் தொழில் பயின்ற அவர், 1830களில் இங்கிலாந்தில் ஒரு சிறு நிலையத்தின் அதிபராகப் பணியாற்றினார். அதுவரை சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன; வேலையும் தாமதம், கணக்கும் ஐயத்துக்குரியது. அவர் சீட்டுகளில் வரிசை எண்ணை முன்கூட்டியே அச்சிட்டார். மாலையில் அடுத்து விற்கவேண்டிய சீட்டின் எண்ணிலிருந்து காலையில் இருந்த எண்ணைக் கழித்தால், அன்றைய விற்பனை தெரிந்துவிடும்.

இந்த முறைக்கு மெல்லிய தாள் உதவாது. சீட்டுகள் குறுகிய கூண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அடியிலிருந்து ஒன்றை இழுத்தால் அடுத்தது தானே இறங்கவேண்டும். தாள் வளைந்தால் சிக்கிக்கொள்ளும். தேதி பதிக்கும் எந்திரத்தின் அழுத்தத்தையும், பரிசோதகரின் துளைக்கருவியையும், பயணியின் வியர்வையையும் அது தாங்கவேண்டும். ஆகவே 57 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அச்சீட்டுக்கு, ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டை தேர்ந்தெடுக்கப்பட்டது. வகுப்பை அடையாளம் காட்ட நிறங்கள் வந்தன.

பயணியின்மேல் கொண்ட மரியாதையால் அவ்வட்டை தடிப்பாக்கப்படவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். கணக்கின்மேல் நிர்வாகத்துக்கிருந்த கவலையே காரணம். எனினும் அதன் பயன் பயணிக்கும் கிட்டியது: கொடுத்த காசுக்கு, எளிதில் கிழியாத ஒரு சாட்சி அவன் கையில் இருந்தது.

கணினிச் சீட்டுகள் வந்தபின் அட்டை வழக்கொழிந்தது. எஞ்சியிருந்த ஐந்து ரயில்வே அச்சகங்களையும் மூடுவதென 2023இல் ரயில்வே வாரியம் முடிவெடுத்தது; ராயபுரம் அச்சகம் அவற்றுள் ஒன்று. நாளின் முடிவில் வாயிற்காப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டுக் குவிந்துகிடந்த அந்தச் சிற்றட்டைகளில் யாருடைய பெயரும் இருந்ததில்லை. பெயர் தாங்கிய நம் அட்டைகளோ, பெரும்பாலும் ஒருமுறை பார்க்கப்பட்டு மேசை இழுப்பறைக்குள் போய்விடுகின்றன. அடுத்தமுறை மாதிரியை வளைத்துப் பார்க்கும்போது, இந்த அட்டை எதைத் தாங்கப்போகிறது என்றும் ஒருகணம் நாம் கேட்டுக்கொள்ளலாம்.