முகவரிப் புத்தகம் யாருடையது?

2008ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி, ராபர்ட் ஸ்கோபிள் என்னும் அமெரிக்க வலைப்பதிவரின் ஃபேஸ்புக் கணக்கு முடக்கப்பட்டது. கணினித் துறையினரிடையே பரவலாக வாசிக்கப்பட்டவர் அவர். ஃபேஸ்புக்கில் அவருக்குச் சுமார் 5000 நண்பர்கள். அன்று அத்தளம் அனுமதித்த உச்ச வரம்பும் அதுவே. அவர்களுடைய பெயர், மின்னஞ்சல் முகவரி, பிறந்தநாள் ஆகியவற்றை பிளாக்ஸோ என்ற இணைய முகவரிப் புத்தகத்துக்குக் கொண்டுசெல்வதற்காக, அந்நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த நிரல் ஒன்றை அவர் இயக்கிப் பார்த்தார். அதுவே குற்றமாயிற்று. (பிளாக்ஸோவை நிறுவியவர்களுள் ஒருவரான ஷான் பார்க்கர்தான் பின்னாளில் ஃபேஸ்புக்கின் முதல் தலைவரானார் என்பது தனிக்கதை.)

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மின்னஞ்சல் முகவரிகளை ஃபேஸ்புக் எழுத்துகளாகத் தராமல் படங்களாகக் காட்டிவந்தது. மனிதக் கண் படிக்கலாம், நிரலால் அள்ள இயலாது என்பது கணக்கு. பிளாக்ஸோவின் நிரலோ படத்திலிருந்து எழுத்தைக் கண்டறியும் முறையைக் கையாண்டது. பூட்டுக்கு ஏற்ற கள்ளச்சாவி என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் வீடு யாருடையது என்பதல்லவா வழக்கே? தம் நண்பர்களின் விவரம் தமக்குரியது என்றார் ஸ்கோபிள். தானியங்கி நிரல் விதிமீறல் என்றது ஃபேஸ்புக். அந்த 5000 பேரை ஒருவரும் கேட்கவில்லை.

கணக்கு விரைவிலேயே மீண்டது. சில நாட்களில் கூகிள், ஃபேஸ்புக், பிளாக்ஸோ மூன்றின் பிரதிநிதிகளும் தரவு இடமாற்றத்துக்கான பணிக்குழு ஒன்றில் சேர்ந்தனர். அதனால் பெரிதாக ஏதும் விளைந்துவிடவில்லை.

2010 அக்டோபரில் ஃபேஸ்புக், பயனர் தம் படங்கள், பதிவுகள், மடல்கள் அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வழி செய்தது. நண்பர் பட்டியலும் அதில் உண்டு. பெயர்கள் மட்டும், முகவரிகள் இல்லை. கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பெயரை எழுதிக் கொடுத்து, ஊரைச் சொல்லாமல் விடுவதைப் போன்றது இது. அடுத்த மாதமே கூகிள் சீறியது. ஜிமெயில் முகவரிகளை ஃபேஸ்புக் தாராளமாக எடுத்துக்கொள்கிறது, திருப்பித் தர மறுக்கிறது என்பது அதன் குற்றச்சாட்டு. தானியங்கி வழியை அது அடைக்க, பயனரே கோப்பை இறக்கி ஏற்றும்படி ஃபேஸ்புக் வழிகாட்டியது. அங்கே போனால் திரும்ப எடுக்க முடியாது என்று எச்சரிக்கைப் பக்கம் ஒன்றை வைத்தது கூகிள். இரு தரப்பும் பயனரின் பெயரால்தான் பேசின.

நண்பர்களின் அந்தரங்கத்தைக் காப்பதே ஃபேஸ்புக் சொன்ன நியாயம். அதை முழுதாக ஏற்பது கடினம். 2007 முதல் அத்தளத்தில் இயங்கிய பிறரது செயலிகள், பயனர் ஒருவர் இசைந்தால் அவருடைய நண்பர்களின் விவரங்களையும் பெற முடிந்தது. 2015இல்தான் அது அடைக்கப்பட்டது. அந்த இடைவெளியில் சுமார் 2,70,000 பேர் நிறுவிய ஒரு வினாடிவினாச் செயலியின் வழியாக 8.7 கோடிப் பேர் வரையிலான விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்காவிடம் சென்றிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே கூறியது. பயனருக்குச் சாத்தியிருந்த கதவு, செயலி எழுதியவர்களுக்குத் திறந்தே கிடந்தது.

2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கணினி வாசிக்கத்தக்க வடிவில் தம் தரவைப் பெறவும் வேறிடத்துக்கு மாற்றவும் அதன் 20ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் பிறரது உரிமைகளுக்கு அது ஊறு செய்யலாகாது என்று அப்பிரிவே ஒரு வரம்பையும் வைக்கிறது. நண்பரின் முகவரி அந்த வரம்பின்மேல்தான் நிற்கிறது.

மாஸ்டடானில் நிலைமை தலைகீழ். ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தால் பின்தொடர்வோரும் கூடவே வந்துவிடுகிறார்கள். எழுதிய பதிவுகள் பழைய வீட்டிலேயே தங்கிவிடுகின்றன.