எருசலேம் நச்சுநிரல்: ஓர் இடைச்செருகலின் வரலாறு

பழைய நூலொன்றில் பிற்காலத்தார் செருகிய பாடலைப் பதிப்பாசிரியர் எவ்வாறு இனங்காண்கிறார்? பல சுவடிகளை ஒப்பிடுகிறார்; பாடல்களை எண்ணிப் பார்க்கிறார்; ஓர் ஏட்டில் மட்டும் கூடுதலாக இருப்பதைக் கண்டு ஐயுறுகிறார். 1987ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துக் கணினியாளர் சிலர் மேற்கொண்ட பணியும் ஏறத்தாழ இத்தகையதே. அவர்கள் ஆராய்ந்த ஏடுகள் நெகிழ்வட்டுகள்.

அவ்வாண்டு அக்டோபர் வாக்கில் அங்கிருந்த கணினிகளில் விந்தையான ஒன்று புலப்பட்டது. பயன்படுத்தப் பயன்படுத்த நிரல்கள் பருத்துக்கொண்டே போயின. கடிதம் எழுதும்போது கடிதக் கோப்பு வளர்வது இயல்பு. கடிதம் எழுத உதவும் நிரலே வளர்வது இயல்பன்று. அச்சிட்ட நூல் வாசிக்கும்தோறும் பக்கம் கூடுவதை ஒக்கும் அது. கோப்பின் தேதியைப் பார்த்தாலோ மாற்றமில்லை. செருகியவன் பழைய தேதியை மீண்டும் பொறித்துவிடும் முன்யோசனை உடையவனாக இருந்தான். நீளத்தை மட்டும் அவனால் மறைக்க இயலவில்லை.

அக்காலத்து டாஸ் இயங்குதளத்தில் இயங்கு கோப்புகள் இருவகை: காம், எக்ஸி. காம் கோப்பு ஒவ்வொன்றும் சரியாக 1813 பைட்டுகள் கூடியிருந்தது. நச்சுநிரல் 1808 பைட்டுகளாகக் கோப்பின் தலைப்பகுதியில் அமர்ந்து, கடைசியில் ஐந்தெழுத்துகளை முத்திரையாக இட்டது. ஏற்கெனவே தீண்டிய கோப்பை மறுபடி தீண்டாதிருக்கத் தனக்குத் தானே வைத்துக்கொண்ட அடையாளம் அது. எக்ஸி கோப்பில் அது வாலில் ஒட்டிக்கொண்டு, இயக்கம் தொடங்கும் இடம் எதுவென்று தலைப்பில் எழுதியிருப்பதைத் தன் பக்கம் திருப்பிவிடும். தீண்டப்பட்ட நிரல் ஒன்றை ஒருமுறை இயக்கினால் போதும். நச்சுநிரல் நினைவகத்தில் குடியேறி, அதன்பின் இயக்கப்படும் நிரல்களையெல்லாம் பற்றும்.

இங்கேதான் ஆக்கியோன் சறுக்கினான். முத்திரையைச் சோதிக்கும் வழி காம் கோப்புகளில் பலித்தது. எக்ஸி கோப்புகளில் பலிக்கவில்லை. ஆகவே ஒரே எக்ஸி கோப்பு, இயக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீண்டப்பட்டது. பத்து முறை இயக்கினால் பதினெட்டாயிரம் பைட்டுகளுக்கு மேல் ஏறிவிடும். 640 கிலோபைட் நினைவகத்தை எல்லையாகக் கொண்ட அக்காலக் கணினியில், ஒரு கட்டத்தில் நிரலை ஏற்றவே இடம் போதாது. இப்பிழை நேராதிருந்தால் எவரும் கவனிக்குமுன் அது நெடுந்தொலைவு பரவியிருக்கும். ஏடெழுதுவோர் செய்யும் பிழை செருகலைக் காட்டிக்கொடுப்பதுபோல், எழுதியவனின் பிழையே அவனுடைய எழுத்தையும் காட்டிக்கொடுத்தது.

அப்பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய யுவால் ரக்காவி என்னும் இளைஞர் அந்த இயந்திர மொழியை வரிவரியாகப் பிரித்து வாசித்தார். உள்ளே ஒரு நாள்கணக்கு இருந்தது. பதின்மூன்றாம் தேதியும் வெள்ளிக்கிழமையும் கூடிவரும் நாளில், இயக்க முயலும் நிரல் ஒவ்வொன்றும் அழிக்கப்படும். 1987ஆம் ஆண்டுக்கு மட்டும் விலக்கு. அவ்வாண்டு நவம்பர் 13 வெள்ளிக்கிழமையே. அந்நாளில் வாளாவிருந்து, பரவுவதற்கு அவகாசம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அடுத்த கெடு 1988 மே 13.

நீக்கும் முறை எளிதாகத் தோன்றினாலும் கவனம் தேவைப்பட்டது. நஞ்சு நினைவகத்தில் விழித்திருக்கையில் மருந்தை இயக்கினால் மருந்துக்கும் நஞ்சேறும். ஆதலால் கணினியை அணைத்து, எழுத்துத் தடையிட்ட தூய வட்டிலிருந்து தொடங்கவேண்டும். பிறகு காம் கோப்பின் தலையில் 1808 பைட்டுகளையும் கடையில் ஐந்தையும் வெட்டினால் மூலம் அப்படியே மீளும். எக்ஸி கோப்பில் வாலை நறுக்குவதோடு, பழைய தொடக்க இடத்தையும் தலைப்பில் திரும்ப எழுதவேண்டும். அந்த இடத்தை நச்சுநிரல் தன்னுள்ளேயே குறித்துவைத்திருந்தது. தன் வேலை முடிந்ததும் உண்மையான நிரலை ஓடவிட்டால்தானே பயனர் ஐயுறமாட்டார்! ஒளிந்து வாழ்வதற்காக அது காத்துவைத்த குறிப்பே அதைக் களைவதற்கும் உதவியது. ரக்காவியும் ஓம்ரி மானும் இவ்வழியில் நீக்கும் நிரல் எழுதி வழங்கினர். மே 13 பெருஞ்சேதமின்றிக் கழிந்தது.

அதற்குள் வேறொரு கதை ஊரெங்கும் பரவியிருந்தது. இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டது 1948 மே 14இல். நாற்பதாண்டு நிறைவுக்கு முதல்நாள் அழிவு நிகழவிருந்ததால், இது பாலஸ்தீன ஆதரவாளர் தொடுத்த அரசியல் தாக்குதல் என்று பேச்செழுந்தது; நாளிதழ்களும் அவ்வாறு எழுதின. பல்கலைக்கழகக் கணினி மையத்தைச் சேர்ந்த யிஸ்ரயேல் ராடாய் இதனை மறுத்தார். நிரலைப் படித்தவர்களுக்கு மறுப்பின் நியாயம் விளங்கும். அதில் மே மாதம் என்ற சொல்லே இல்லை, 1948உம் இல்லை. வெள்ளி, பதின்மூன்று, 1987 அன்று என்னும் மூன்று நிபந்தனைகளே உள்ளன. 1988இல் பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தது ஒரே முறை, மே மாதத்தில். தேதியைத் தேர்ந்தது நாட்காட்டி. பதின்மூன்றாம் வெள்ளி தீயநாள் என்பதோ மேலைநாட்டார் நெடுங்காலமாகக் கொண்டுள்ள நம்பிக்கை.

ஆக்கியோன் யாரென்பது உறுதிப்படவில்லை. அவன் எழுத்தைத் திருத்தியும் மாற்றியும் பிறர் படைத்த திரிபுகள் பிற்பாடு பல நாடுகளில் உலவின. ரக்காவியும் மானும் பர்க்கத் சகோதரர்களோடு சேர்ந்து 1988இல் பிஆர்எம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அச்சகோதரருள் ஒருவரான நீர் பர்க்கத் 2008 முதல் 2018 வரை எருசலேம் நகரின் மேயராக இருந்தார்.

மூலத்தைப் படிக்காதவர்கள் அதில் ஒரு சதியைக் கண்டார்கள். படித்தவர்கள் 1808 பைட்டுகளைக் கண்டார்கள். அவற்றை வெட்டவும் அறிந்தார்கள். செருகலை நீக்கும் கத்தி, பாடத்தை முழுதும் வாசித்தவர் கையில்தான் இருக்கவேண்டும்.