வழித்துணை மாறிய வரலாறு

புகார் நகரை விட்டு மதுரை நோக்கி நடந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வாய்த்தவர் கவுந்தியடிகள். அவர் சமணத் துறவி. மதுரைக்குச் செல்லவேண்டும் என்ற விருப்பம் அவருக்கும் இருந்தது. ஆகவே உடன் நடந்தார். மதுரையின் புறஞ்சேரியை அடைந்ததும் அவருடைய துணை முடிவுறுகிறது. ஆனால் அவர் வாளா விலகிவிடவில்லை. ஆயர்குலத்து மாதரியிடம் கண்ணகியின் சிறப்பை எடுத்துரைத்து, அவளை அடைக்கலமாக ஒப்புவித்த பின்னரே விலகுகிறார். துணை மாறியது, கண்ணகி கைவிடப்படவில்லை.

நெடுவழிப் பயணம் எதிலும் துணை மாறாமல் இராது. தொடங்கியவர் அனைவரும் முடிப்பதில்லை. முடிப்பவர் அனைவரும் தொடக்கத்தில் இருந்தவரும் அல்லர். ஆகவே துணை மாறியதா என்பது பெரிய கேள்வியன்று. மாற்றியது யார் என்பதே கேள்வி. வழிநடந்தவன் தானே மாற்றினானா? அல்லது அவன் தலைக்கு மேலே இருந்த வேறொருவன் மாற்றினானா? இக்கேள்வியைக் கைவிளக்காகக் கொண்டு சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் வரலாற்றைப் பார்ப்போம். அதற்கு முன், ஒப்புநோக்குவதற்காக ஒரு சைக்கிள் பயணத்தின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1923ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பம்பாய் நகரிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். அதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா, குஸ்தாத் ஹாத்திராம், கேக்கி போச்கானாவாலா, நரிமன் கபாடியா என்பன அவர்களுடைய பெயர்கள். பலுசிஸ்தானத்தைக் கடந்து பாரசீகம் சென்றனர். டெஹ்ரான் நகரில் கபாடியா சொந்தக் காரணங்களால் விடைபெற்று ஊர் திரும்பினார். ஐவர் மெசப்பொத்தேமியாவையும் சினாய்ப் பாலையையும் ஐரோப்பாவையும் கடந்து அமெரிக்கா சேர்ந்தனர். அங்கே ஹாத்திராமும் போச்கானாவாலாவும் குழுவைப் பிரிந்தனர். எஞ்சிய மூவர் ஜப்பான், கொரியா, சீனம், சயாம், பர்மா வழியாக 1928 மார்ச் 18இல் பம்பாய் மீண்டனர். அவர்கள் கடந்த தூரம் ஏறத்தாழ 71,000 கிலோமீற்றர்.

இவர்கள் புறப்பட்ட சில மாதங்களுக்குள், 1924இல், பிராம்ரோஸ் தாவர் என்ற மற்றொரு பம்பாய்க்காரர் தனியாகவே சைக்கிளில் கிளம்பினார். வியன்னாவில் அவருக்குக் குஸ்தாவ் ஸ்டாவ்ஜானிக் என்ற ஆஸ்திரிய இளைஞர் துணையானார். ஆளும் வெள்ளை நிறமும் ஆளப்படும் கறுப்பு நிறமும் என்று உலகம் பிளவுண்டிருந்த நாளில், இவ்விருவரும் ஒன்றாகச் சஹாராவைக் கடந்தனர். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளைக் கடந்தனர். 1931 வரை பிரியவில்லை.

ஆறு பேராகத் தொடங்கியது மூவராயிற்று. தனியாகத் தொடங்கியது இருவராயிற்று. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டெஹ்ரானில் கபாடியா பிரிந்தபோது அவரைத் துரத்திப் பிடிக்க எவரும் வரவில்லை. அவர் எவருக்கும் கடன் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. பிரிந்ததற்காக அவர்மீது பிடியாணை பிறக்கவில்லை. சேர்வதும் பிரிவதும் அவரவர் விருப்பம். அந்த விருப்பத்துக்குப் பின்னால் கையில் ஒரு கடவுச்சீட்டும், திரும்பிச் செல்ல ஒரு வீடும் இருந்தன. சுதந்திரம் என்பது பெரும்பாலும் இத்தகைய சிறிய பொருள்களிலேதான் அடங்கியிருக்கிறது.

சைக்கிளுக்கும் சப்ரகமுவவுக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். உறவு மிக நெருங்கியது. 1888இல் டன்லப் காற்றடைத்த சைக்கிள் டயரை உருவாக்கினார். முதலில் சைக்கிளும் பின்னர் மோட்டார் வண்டியும் பெருகப் பெருக, உலகச் சந்தையில் இறப்பரின் விலை ஏறிற்று. 1876இல் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட சில இறப்பர்க் கன்றுகளின் சந்ததி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலையின் சரிவுகளையும் இரத்தினபுரியின் தாழ்ந்த குன்றுகளையும் மூடிக்கொண்டது. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இருப்புப்பாதை 1903இல் யட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. மரம் வந்தது, இரயில் வந்தது, பால் வெட்ட ஆள் வரவேண்டாமா?

ஆள் தமிழகத்திலிருந்து வந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளின் கிராமங்களிலே கங்காணி ஆள் கட்டினான். அவன் அந்நியன் அல்லன். அதே ஊரினன், பல வேளைகளில் அதே சாதியினன், சிலருக்கு மாமன், சிலருக்குச் சித்தப்பன். ஆகவே புறப்பட்ட கூட்டம் பார்வைக்கு உறவினர் கூட்டமாகவே இருந்தது. ஆனால் அந்த உறவின் நடுவே ஒரு கணக்குப் புத்தகமும் நடந்து வந்தது. முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் அதிலே கடனாக ஏறின. தோட்டத்தில் ஒருவன் வேலைக்கு வந்தால் அவனுடைய பெயருக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. இவ்வாறு மாமன் முறை முதலாளி முறையாயிற்று.

கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்த கூட்டங்களில் துணையை மாற்றியது வாந்திபேதி. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தனர். அவர்கள் கல்நெஞ்சர் என்பதனாலன்று, நிற்க அனுமதி இல்லை என்பதனால். இறப்பர்க் காலத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் அதன் இருபுறமும் இரயிலும் வந்துவிட்டன. மண்டபம் முகாமில் நோய்த்தடைக் காவல் வந்தது. வழியிலே சாவது குறைந்தது. ஆனால் துணையைத் தெரிவு செய்யும் உரிமை மட்டும் வந்து சேரவில்லை.

துண்டு முறையை நினைவுகூர்வோம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் கங்காணிக்குத் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு. அதைச் செலுத்துபவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். புதிய தோட்டத்துத் துரை கடனைக் கட்டுவார். கூட்டம் மூட்டை முடிச்சோடு இடம் மாறும். பம்பாய் இளைஞரிடையே துணை மாறியது. இங்கோ துணை மாறவில்லை, துணைவர் அனைவரையும் சேர்த்து உடையவன் மாறினான். கூட்டத்தை விட்டு ஒருவன் தனியே பிரிய நினைத்தால் 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் குறுக்கே நின்றது. முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றம். துண்டு முறையை ஒழிக்க 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கடனாகச் சுமத்தாது பொது நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1923இல் வந்தது. ஆறு இளைஞர்கள் சைக்கிள் ஏறிய ஆண்டும் அதுவே. ஒரே ஆண்டில், ஒரே பேரரசின் குடிகளில், சிலர் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். பலர் வழிச்செலவுக் கடனின்றிக் கடல் கடக்கும் உரிமையை அப்போதுதான் பெற்றார்கள். வர்க்கம் என்றால் என்ன என்று மாணவர் கேட்டால் இதைவிடத் தெளிவான விடை எது?

தோட்ட மக்கள் தாமே தெரிந்தெடுத்த முதல் துணை தொழிற்சங்கம் என்று நாம் துணிந்து கூறலாம். ஊர் பார்த்து, சாதி பார்த்து, கங்காணியின் பெயரேட்டைப் பார்த்து அமைந்த கூட்டத்துக்குப் பதிலாக, கூலியைப் பார்த்து அமைந்த கூட்டம் அது. அதன் வலிமை கேகாலை மாவட்டத்திலேயே வெளிப்பட்டது. 1946இல் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராமக் குடியேற்றத்துக்கென எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறப் பணித்தது. ஒரு தோட்டத்தாருக்கு நேர்ந்த இந்த அநீதிக்காக, இலங்கை இந்தியக் காங்கிரஸின் தொழிற்சங்கம் அறைகூவ, வேறு பல தோட்டங்களின் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். முன்பின் கண்டிராதவர்கள் ஒருவருக்கொருவர் வழித்துணை ஆனார்கள். நிலமற்ற சிங்களக் கிராமத்தவனையும் நிலமற்ற தமிழ்த் தொழிலாளியையும் ஒரே துண்டு நிலத்துக்காக மோதவிட்ட ஆட்சியாளரின் சாமர்த்தியத்தையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கிராமத்தவனின் நிலப்பசி பொய்யன்று. அதைத் தீர்க்க எடுத்துக்கொள்ளப்பட்டது ஏழையின் லயமாக இருந்தது என்பதே பிழை.

இரண்டு ஆண்டுகளில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். அன்று பாராளுமன்றத்தில் இடதுசாரிக் கட்சிகள் அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தன. அது மதிப்பிற்குரிய துணை. ஆனால் வரலாற்றை முழுமையாகச் சொல்லவேண்டும். 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றவர் கலாநிதி என். எம். பெரேரா, மலேரியாக் கொள்ளைநோய்க் காலத்தில் கேகாலைக் கிராமங்களில் நிவாரணப் பணி புரிந்து மக்களின் அன்பைப் பெற்றவர். 1964 ஜூனில் அவருடைய லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்தில் சேர்ந்தது. அவர் நிதி அமைச்சரானார். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரு பிரதமர்கள் பங்கிட்டுக்கொண்டனர். பங்கிடப்பட்டவரிடம் எவரும் கேட்கவில்லை. துணை பிரிவது குற்றமன்று. கபாடியா பிரிந்ததைப் போல் பிரியலாம், கவுந்தியைப் போல் ஒப்புவித்தும் பிரியலாம். நடுவழியில் நிற்பவரை எண்ணிக்கையாக மாற்றி, அவர்களை ஒப்புவிக்க ஒரு மாதரியையும் தேடாமல் பிரிவதை வேறு என்ன பெயரால் அழைப்பது? முற்போக்கு இயக்கத்தை நேசிப்பவர்களே இக்கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

அதன்பின் லயங்களில் நடந்தது ஊரறிந்தது. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே அடுப்படி இரண்டாயிற்று. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு மக்களே ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். 1974இல் மிச்சமிருந்த 1,50,000 பேரும் இரு பாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது பல குடும்பங்கள் இரவோடிரவாக ஓடி, வவுனியாவின் காட்டோரங்களில் குடியேறின. அங்கும் துணை மாறியது, மாற்றியது தீ. நாடற்ற நிலை சட்டப்படி நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனினும் வரலாறு இதோடு நிற்கவில்லை. 2023 ஜூலை 28இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து ஒரு நடைப்பயணம் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. முன்னோர் நடந்த அந்தத் திசையிலேயே அவர்களுடைய வழித்தோன்றல்கள் நடந்தார்கள். சிலர் முழுவழியும் நடந்தனர். சிலர் ஒரு நாள் நடந்து விடைபெற்றனர். வடக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் இடையிடையே வந்து சேர்ந்தனர். கணக்குப் புத்தகம் அந்தக் கூட்டத்தில் இல்லை. அதே பாதையில், இருநூறு ஆண்டுகளுக்குப் பின், துணை சேர்வதும் பிரிவதும் நடப்பவரின் விருப்பமாயிற்று.

சப்ரகமுவத் தோட்டங்களில் தமிழர் சிதறிக் கிடக்கும் சிறுபான்மையினர். நுவரெலியாவின் தொகை பலம் இங்கே இல்லை. இறப்பர் மரங்களுக்கு அப்பால் சிங்களக் கிராமம். ஒரே பஸ், ஒரே சந்தை, ஒரே மருத்துவமனை. ஆகவே இனிவரும் பயணத்தில் இம்மக்களுக்கு வழித்துணை யார் என்ற கேள்வி மற்றெங்கிலும் இங்கே கூர்மையானது. கூலிக்கும் காணிக்குமான கோரிக்கையில் அண்டைக் கிராமத்து ஏழையை உடன் அழைக்காத எந்த இயக்கமும் இங்கே நெடுந்தூரம் போகாது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இன்றே செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. தோட்டத்து முதியோரிடம் சென்று, உங்கள் பாட்டனும் பாட்டியும் யாரோடு வந்தார்கள், வழியில் யார் நின்றுவிட்டார்கள், 1964க்குப் பின் யார் போனார்கள் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். அரசாங்க ஏடுகளில் தொகைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருந்த மனிதரின் பெயர்கள் இந்த முதியோரின் நாவிலேதான் இருக்கின்றன.