கால் கிலோ கறியும் ஒரு பிடி பொட்டுக்கடலையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்துக் கறிக்கடை வாசலில் நின்றால் கட்டையில் கத்தி விழும் சத்தம் இரண்டு விதமாகக் கேட்கும். எலும்போடு துண்டு போட்டால் ‘டொக்’ என்று ஒற்றைச் சத்தம். கொத்துக்கறி போட்டால் நிறுத்தாமல் சடசடவென்று மழைச் சத்தம். கோலா உருண்டை பிறந்தது இந்த இரண்டாவது சத்தத்தில்தான்.

செட்டிநாட்டுப் பண்டம் என்று ஓட்டல் பலகைகள் எழுதிவைக்கும். மதுரைக்காரர்கள் எங்களுடையது என்பார்கள். முதலில் யார் வீட்டு அடுப்பில் உருண்டது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஏன் பிறந்தது என்று பொட்டுக்கடலையைக் கேட்டால் அதுவே சொல்லிவிடும்.

கால் கிலோ கறி, சாப்பிட ஏழெட்டுப் பேர். துண்டாகப் போட்டால் ஆளுக்கு இரண்டு துண்டுகூடத் தேறாது. அதிலும் ஒன்று எலும்பு. கொத்தி, தேங்காய், சோம்பு, கசகசா, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து அரைத்து, பொட்டுக்கடலை மாவைப் போட்டுப் பிசைந்தால் அதே கறி பதினாறு உருண்டையாகிவிடும். மேச்சேரிக் கிடா கொஞ்சம் முற்றிப்போயிருந்தாலும் பல் போன தாத்தாவுக்கும் அதில் பங்கு உண்டு.

மாவில் எத்தனையோ இருக்க, பொட்டுக்கடலை ஏன்? அது ஏற்கெனவே வறுபட்டது, பச்சை வாடை அடிக்காது. உலர்ந்து கிடப்பதால் கறி விடும் நீரை உறிஞ்சிக்கொண்டு பிடிப்புக் கொடுக்கும். அளவு மீறினால் உருண்டை கவண்கல் ஆகிவிடும். கால் கிலோவுக்கு ஒரு பிடி போதும்.

அமெரிக்கர்களின் ‘மீட்லோஃப்’ இதே கணக்கில் வந்ததுதான். 1930களின் பெருமந்தத்தில் கறியைக் கூட்டிக் காட்ட அவர்கள் ரொட்டித்தூளைக் கலந்தார்கள். அவர்கள் வீட்டில் ‘ஓவன்’ அடுப்பு இருந்தது. முழுதாக ஒரே பாளமாக வேகவைத்து அறுத்துக்கொண்டார்கள். நம்மிடம் இருந்தவை வடைச்சட்டியும் குழம்புச் சட்டியும். பெரிய பாளம் எண்ணெயில் மேலே கருகும், உள்ளே வேகாது. ஆகவே உருண்டை. பாரசீகத்துக் கோஃப்தாவும் உருண்டைதான். அந்தச் சொல்லுக்கே ‘இடித்தது’ என்று பொருள். சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரால் வழங்கும் 12-ஆம் நூற்றாண்டு மானசோல்லாசத்திலும் இறைச்சிப் பண்டங்களின் செய்முறைகள் விரிவாக உண்டு. கறியை நைப்பது எவர் ஒருவரின் கண்டுபிடிப்பும் அல்ல. மெஷின் மட்டும் பின்னால் வந்தது. சைக்கிளுக்கு முன்னோடியான இருசக்கர வண்டியை 1817-இல் ஓட்டிக் காட்டிய ஜெர்மானியர் கார்ல் டிரைஸ்தான் கீமா மெஷினையும் செய்தவர் என்று சொல்வார்கள். ஆனாலும் மெஷின் கறி கூழாகிவிடுகிறது. கத்தியில் கொத்தியதில் நார் கொஞ்சம் மிஞ்சும். கடிக்க ருசி அதில்தான்.

உருண்டை பிரியாமல் இருக்க வாழைநாரால் குறுக்கே கட்டிப் பொரிப்பது பழைய வழக்கம். பரமத்திவேலூர், மோகனூர் எனக் காவிரிக் கரை நெடுக வாழைத்தோட்டம் இருக்கும்போது நாருக்கா பஞ்சம்? கறி வாங்காத நாளில் அதே பொட்டுக்கடலை வாழைப்பூவோடு சேரும், அதுவும் கோலாதான்.

பின்னால் நாமக்கல் முழுக்கக் கோழிப்பண்ணை ஆனது. முட்டை கைக்கெட்டும் விலைக்கு வந்ததும் நார் கட்டும் பொறுமை போய்விட்டது. ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைகிறார்கள். பிடிப்பு நன்றாகவே இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் முட்டை போட்ட கோலா குழம்பில் கிடக்கும், குழம்பைக் குடிக்காது. பொட்டுக்கடலைக் கோலா குடிக்கும். ராத்திரி மீந்ததைக் காலையில் இட்லியோடு தின்றவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பார்க்க வேண்டும். நின்றால் மற்றவற்றை இறக்கலாம். பிரிந்தால் பிசைந்ததில் இன்னும் ஒரு ஸ்பூன் மாவு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எல்லாமே பிரிந்துவிட்டால், பந்தியில் அதன் பெயர் கொத்துக்கறிக் குழம்பு. எங்கள் வீட்டில் பல ஞாயிறு அப்படித்தான் கழிந்தது.