அட்டை இடம் மாறினால்

ஆரணியில் ஜக்கார்டு தறி ஓடும் வீட்டுக்குப் போனால் தலையை நிமிர்த்திப் பாருங்க. துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்கும். துளை இருந்தால் பாவு இழை உயரும். இல்லையென்றால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை.

1804ல் பிரான்சில் ஜக்கார்டு கொண்டுவந்த ஏற்பாடு இது. 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹோலரித் எண்ணியதும் துளையிட்ட அட்டையில்தான். அவருடைய கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்து பின்னாளில் ஐபிஎம் ஆனது. அங்கே வேலை பார்த்த காட், 1970ல் தரவை அட்டவணைகளாக அடுக்கும் முறையை எழுதினார். எஸ்க்யூஎல் அதிலிருந்து பிறந்தது.

அட்டை இவ்வளவு தூரம் வந்தது. தறிக்காரரின் நிதானம் மட்டும் நம்மிடம் வந்து சேரலை. ஓர் அட்டை இடம் மாறினாலும், மாலை சுற்றும் ஒவ்வொரு முறையும் பூ அதே இடத்தில் உடையும். பிரித்து நெய்தால் பட்டு நைந்துபோகும். அதனால் வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் மிதியில் கால் வைக்கணும்.

நாமோ ‘வேர்’ நிபந்தனை போடாமல் ‘அப்டேட்’ ஓட்டிவிட்டு, அட்டவணை முழுக்க ஒரே பெயர் நிற்பதைப் பார்த்து உறைகிறோம். முதலில் அதே நிபந்தனையோடு ‘செலக்ட்’ போட்டு எத்தனை வரிசை சிக்குதுன்னு எண்ணுங்க. பிறகு டிரான்சாக்‌ஷனைத் திறந்து மாற்றுங்க. எண்ணிக்கை ஒத்துப்போனால் கமிட், இல்லையா, ரோல்பேக். கமிட் கொடுத்தபின் ரோல்பேக் உதவாது. பழைய பேக்கப்பைத் தேடித்தான் ஓடணும்.