குளிர்நீர் மீனின் முதல் உணவு

கோடைக்காலத்து விடியற்காலையில் எங்கள் நாட்டரசன்கோட்டை ஊருணிப் பக்கம் சென்றால், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். அவை இரை தேடி வரவில்லை; மூச்சுக்குத் திணறுகின்றன. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 10 பாகை சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 30 பாகையிலோ ஏழரை மில்லிகிராம்தான். நம் கெண்டை இதனை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். டிரௌட் மீனால் இயலாது. அப்படிப்பட்ட மீன் நம் நீலகிரி ஓடைகளுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது?

தூண்டில் பிரியரான ஆங்கிலேயர்கள் கொண்டுவந்ததுதான். மருத்துவராக வந்து மீனியல் அறிஞராகப் புகழ்பெற்ற பிரான்சிஸ் டே என்பவர் 1863-இல் முயன்று தோற்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. வெப்ப மண்டலத்தைக் கடந்து இம்மீனை எப்படிக் கொணர்வது?

விடை முட்டையிலேயே இருந்தது. வானவில் டிரௌட்டின் முட்டை 10 பாகையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரியும். 5 பாகையில் இரண்டு மாதத்திற்கும் மேலாகும். குளிர வைத்தால் கருவின் வளர்ச்சி தாமதப்படும் என்பதே இதன் பொருள். 1864-இல் 'நார்போக்' என்னும் கப்பலில், ஈரப்பாசியில் பொதிந்து பனிக்கட்டியால் குளிர்வித்த முட்டைகள் சனவரியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, ஏப்ரலில் மெல்போர்னை அடைந்து, பின்னர் டாஸ்மேனியாவில் பொரிந்தன!

பொரித்த குஞ்சுக்கு முதலில் நாம் உணவிட வேண்டியதில்லை. வயிற்றடியில் தொங்கும் மஞ்சட்கருப் பையே அதன் கட்டுச்சோறு. சில வாரங்கள் கூழாங்கற்களின் இடுக்கில் கிடந்து அதனைக் கரைத்துக்கொள்ளும். சோறு தீர்ந்ததும் மேலெழுந்து நீந்தத் தொடங்கும். இதுதான் ஆபத்தான கட்டம். அப்போது இரை கிட்டாவிடில் குஞ்சு மடியும்.

இளம் டிரௌட் இரையைத் துரத்தி அலைவதில்லை. நீரோட்டத்தை எதிர்நோக்கி, ஒரு கல்லின் மறைவில், ஓட்டம் தணிந்த இடத்தில் நிற்கும். நீர் அடித்துக்கொண்டு வரும் கொசுவினப் புழுக்களையும், கல்லடி வாழும் பூச்சிகளின் இளவுயிரிகளையும் எட்டிக் கவ்விவிட்டு மீண்டும் அதே இடத்திற்குத் திரும்பும். குறைந்த ஆற்றல் செலவில் நிறைந்த வரவு! அவ்விடத்திற்குப் போட்டியாக வரும் குஞ்சை விரட்டியடிக்கவும் செய்யும். பௌதிக ஆசிரியனாகிய எனக்கு இந்தக் கணக்குப் பிடித்திருக்கிறது.

பூச்சிகள் மலிந்த குளிர் ஓடைகள் நீலகிரியில் இருந்தன. குஞ்சு பொரிப்பகம்தான் இல்லை. அதனை 1907-இல் அவலாஞ்சியில் அமைத்து வெற்றி கண்டவர் ஹெச். சி. வில்சன். நிலைத்தது வானவில் டிரௌட். பழுப்பு டிரௌட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பத்தைத் தாங்கவல்லது அது.

ஆனால் வளர்ந்த டிரௌட் பூச்சியோடு நிற்பதில்லை. சிறு மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் விழுங்கும். உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் அயல் உயிரினங்கள் நூறு என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2000-இல் வெளியிட்ட பட்டியலில் இவ்விரு டிரௌட்டுகளும் இடம்பெற்றுள்ளன. வில்சன் காலத்தில் எண்ணிப் பார்த்தது மீன் பிழைக்குமா என்பதைத்தான். அது எதைத் தின்று பிழைக்கும் என்பதையன்று.