ஐந்தாவது உறவு

ஃப்ரெண்ட்ஷிப்னா உலகம் பூரா ஒண்ணுதானேன்னு நாம ஈசியா சொல்லிடுவோம். ரொம்ப நாளா எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, சீன வரலாறு கொஞ்சம் படிக்கிற வரைக்கும்.

கன்பூசிய மரபுல அடிப்படை உறவுகள் அஞ்சு. ராஜா-குடிமகன், அப்பா-பையன், புருஷன்-பொண்டாட்டி, அண்ணன்-தம்பி, கடைசியா நண்பன்-நண்பன். முதல் நாலையும் பாருங்க. ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ. அஞ்சாவதுல மட்டும்தான் மேல் கீழ் கிடையாது. அதனாலேயே அது கொஞ்சம் வில்லங்கமான உறவும் கூட. ஹே ஷின்யின்னு ஒரு சிந்தனையாளர், அஞ்சுல நட்புதான் பெருசுன்னு சொன்னவர். தனியா ஆள் சேர்த்து பாடம் நடத்தறவங்க மேல அரசாங்கம் கடுப்பா இருந்த காலம் அது. 1579ல் சிறையிலேயே அவர் கதை முடிஞ்சது.

ஐரோப்பாவுல கதை வேற. அரிஸ்டாட்டில் தன்னோட அறவியல் நூலின் 10 பாகத்துல 2 பாகத்தை நட்புக்கே ஒதுக்கினவர். சிசரோ நட்பு பத்தி தனி புத்தகமே எழுதினார்.

இந்த ரெண்டு உலகமும் சந்திச்ச இடம்தான் மத்தேயோ ரிச்சி. இத்தாலிக்காரர், யேசு சபை பாதிரியார். நம்ம கொச்சியில 1580ல் குருப்பட்டம் வாங்கிட்டு சீனா போனவர். முதல்ல மொட்டை அடிச்சு பௌத்த துறவி மாதிரி இருந்தார். மரியாதை கிடைக்கலை. 1595ல் அறிஞர்கள் போடற பட்டு அங்கிக்கு மாறினார். அதே வருஷம் நான்சாங் நகரத்துல சீன மொழியில தன் முதல் புத்தகத்தை எழுதினார். மதத்தைப் பத்தி இல்லைங்க, நட்பைப் பத்தி! கிரேக்க, ரோமானிய சிந்தனைகளை சின்னச் சின்ன வாக்கியமா தொகுத்தது. கடிகாரம், உலக வரைபடம்னு என்னென்னமோ காட்டினாலும், அவருக்கு பேர் வாங்கிக் கொடுத்தது இந்த குட்டிப் புத்தகம்தான்.

ஏன்? என் கணக்கு இது. வெளியூர்க்காரன் அந்த சமூகத்துல அப்பாவாவோ அண்ணனாவோ நுழைய முடியாது. அவனுக்குத் திறந்திருந்த ஒரே கதவு அந்த அஞ்சாவது உறவுதான்.

'மதம் பரப்பத்தானே வந்தார், அது எப்படி நட்பாகும்?'னு கேக்கலாம். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஷூ குவாங்ச்சியைப் பார்க்கணும். பெரிய அறிஞர், கிறிஸ்தவரா மாறினவர். 1606-07ல் பெய்ஜிங்ல ரெண்டு பேரும் உட்கார்ந்து யூக்ளிடை சீனத்துல கொண்டு வந்தாங்க. ரிச்சி வாயால விளக்க, ஷூ எழுதினார். எஞ்சினியரிங் படிச்சவங்களுக்குத் தெரியும், ஒரு கலைச்சொல்லுக்கு தாய்மொழியில வார்த்தை தேடறது என்ன பாடுன்னு. ஜியாமெட்ரிக்கு அவங்க வெச்ச 'ஜிஹே'ங்கிற பேர்தான் சீனாவில இன்னைக்கும் புழங்குது.

மொத்தம் 15 பாகம். 6 முடிஞ்சது. மீதியையும் முடிச்சுடலாம்னு ஷூவுக்கு ஆசை, ரிச்சிக்கு இப்போதைக்கு இது போதும்னு எண்ணம். அதுக்குள்ள 1607ல் ஷூவோட அப்பா இறந்துட்டார். பதவியில இருக்கறவரும் ஊருக்குப் போய் 27 மாசம் துக்கம் காக்கணும், அது சட்டம். ஷூ ஷாங்காய் போனார். 1610 மே மாசம் ரிச்சி பெய்ஜிங்ல கண்ணை மூடினார். ஷூ திரும்பி வந்தப்ப அந்த வருஷமே முடியப் போகுது.

ரெண்டாவது உறவு கூப்பிட்டப்ப அஞ்சாவது உறவு காத்திருக்கணும். அதுதான் அங்க முறை. ஷூவுக்கு நட்பு குறைஞ்சு போச்சுன்னு நான் நினைக்கலை. மதம் மாறினாலும் அவர் நின்ன மண்ணுல உறவுகளுக்கு ஒரு வரிசை இருந்தது, அவ்வளவுதான்.

மீதி 9 பாகம் 1857ல்தான் சீனத்துல வந்தது. அதை முடிச்சவங்க அலெக்சாண்டர் வைலின்னு ஒரு இங்கிலாந்துக்காரரும், லி ஷான்லான்னு ஒரு சீனக் கணித அறிஞரும். 250 வருஷம் கழிச்சும் அந்த வேலைக்கு ஒரு உள்ளூர்க்காரரும் ஒரு வெளியூர்க்காரரும் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது பாருங்க.